இரண்டு கழுகுகளும் ஒரு சங்கிலியும்

தாம்பரத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் அவ்வப்போது கூடிப் பழைய நூல்களைப் புரட்டுவது எங்கள் சிறு குழுவின் வழக்கம். கல்வெட்டு, காப்பியம், பயணக்குறிப்பு எதுவானாலும் விலக்கில்லை. அப்படியொரு மாலையில் குழுவிலுள்ள பொறியாளர் நண்பர், இருநூறாண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படியை எங்கள்முன் வைத்தார். 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழின் எட்டாம் தொகுதியில் வில்லியம் லாம்டன் எழுதியது அது. சோழமண்டலக் கடற்கரையில் தீர்க்கரேகையின் ஒரு பகுதியை அளந்து, 12 பாகை 32 கலை அட்சத்தில் ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று கணக்கிட்ட வரலாறு.

"இதில் மூன்று ஊர்கள் வருகின்றன. மூன்றும் நம் ஊர்கள். எவை என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே ஒலித்தால் அவை இவ்வாறு வரும்: பெரும்பாக், காரங்கூலி, ட்ரிவாண்டிபோரம்.

மூன்றாவது எளிது என்று எல்லோருக்கும் தோன்றியது. "திருவனந்தபுரம்!" என்று ஒரே குரலில் சொன்னோம். நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தொடங்கிய தேடலே இக்கட்டுரை. எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு: கிரேக்கர்களின் பழங்கதைகளும், இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களும். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுத்தருள்க.

உலகின் கொப்பூழ்

பூமியின் நடுப்புள்ளி எது என்று அறிய விரும்பினானாம் தேவர்கோன் ஜீயஸ். உலகின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு கழுகையும் மேற்கோடியிலிருந்து ஒரு கழுகையும் ஒரே நேரத்தில் பறக்கவிட்டான். இரண்டும் டெல்ஃபி என்னுமிடத்தில் சந்தித்தன. அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. அதற்கு 'ஆம்ஃபலோஸ்', அதாவது கொப்பூழ் என்று பெயர். அத்தகைய கல்லொன்றை டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

குழந்தைக் கதை போலத் தோன்றினாலும், இதற்குள் ஒரு நுட்பமான எண்ணம் ஒளிந்திருக்கிறது. தொலைவிலுள்ள ஓரிடத்தை அறிய அங்கே நாமே நடந்து செல்ல வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து இரண்டு பார்வைகளை அனுப்பினால் போதும். அவை எங்கே சந்திக்கின்றனவோ அதுவே நாம் தேடும் இடம்.

நில அளவையாளர்கள் 'முக்கோண முறை' என்று அழைப்பது இதைத்தான். இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட தொலைவு தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்றாவது இடத்தை நோக்கும்போது உண்டாகும் கோணம் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவே. மற்ற இரு பக்கங்களையும் கணக்கு சொல்லிவிடும். அப்படிக் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனால் ஒரு நாட்டையே அளந்துவிடலாம். பள்ளத்தாக்கையும் ஆற்றையும் காட்டையும் பார்வை தாண்டிவிடும்; கால் நனைய வேண்டியதில்லை.

ஆனால் முதல் கோடு மட்டும் விதிவிலக்கு. அதைப் பார்வையால் அளக்க முடியாது. மண்ணில் இறங்கி, அடியடியாக, உண்மையாகவே அளந்தாக வேண்டும். அதில் ஓர் அங்குலம் பிசகினால், அந்தப் பிசகு முக்கோணத்துக்கு முக்கோணம் வளர்ந்துகொண்டே போகும்.

இந்திய மாபெரும் முக்கோண அளவையின் அந்த முதல் கோடு எங்கே போடப்பட்டது? நம் சென்னையின் தென்புறத்தில். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் தொடங்கிய அப்பணியின் வடமுனை பரங்கிமலை. தென்முனை 'பெரும்பாக்' குன்று. நீளம் ஏறத்தாழ ஏழரை மைல்.

முதல் புதிர்: பெரும்பாக்

பெயரை ஆராயும் பொறுப்பை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஏற்றுக்கொண்டார். "சேப்பாக்கத்தை ஆங்கிலேயர் எப்படி எழுதினார்கள்? சேப்பாக். கீழ்ப்பாக்கம்? கில்பாக். நெய்தல் நிலத்துக் குடியிருப்புகளுக்கு நம் முன்னோர் வைத்த 'பாக்கம்' என்னும் சொல், அவர்கள் வாயில் வால் அறுந்து 'பாக்' ஆயிற்று. அந்த வாலை மீண்டும் ஒட்டவைத்தால் பெரும்பாக்கம்" என்றார் ஐயா.

சொல்லாராய்ச்சி சரிதான். ஆனால் தமிழகத்தில் பெரும்பாக்கம் என்னும் பெயருடைய ஊர் ஒன்று மட்டும் இல்லையே! சொல் வழிகாட்டும், முடிவு கட்டாது. முடிவு கட்ட எண் வேண்டும்.

கணினியைத் திறந்தோம். வலைவரைபடத்தில் பரங்கிமலையின் மீது ஒரு புள்ளி வைத்தோம். ஏழரை மைல் என்பது சற்றேறக்குறைய 12 கிலோமீட்டர். அளவுகோல் கருவியைத் தேர்ந்து, பரங்கிமலையை மையமாகக் கொண்டு அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டோம். வட்டத்தின் வடபகுதி நகருக்குள்ளும், கீழ்ப்பகுதி கடலுக்குள்ளும் விழுந்தது. தென்பகுதி? மேடவாக்கத்தைத் தாண்டிப் பெரும்பாக்கத்தைத் தொட்டது. சோழிங்கநல்லூர் போகிற வழியிலுள்ள நம் பெரும்பாக்கமேதான். பரங்கிமலைக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. தீர்க்கரேகையை அளக்கப் புறப்பட்டவருக்கு வடக்கு-தெற்காகக் கிடந்த இச்சமவெளி எவ்வளவு வாய்ப்பாக இருந்திருக்கும்!

வரைபடத்தில் அக்கோட்டை வரைந்து பார்த்தபோது வேறொரு வியப்பும் காத்திருந்தது. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று கோடு செல்லும் ஊர்களையும் அவற்றின் அயலையும் எங்கோ ஒரே வரிசையில் படித்த நினைவு. சென்னை மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை திட்டமிடப்பட்ட தடம், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை அநேகமாக இதே ஊர்களைத்தான் தொட்டுச் செல்கிறது. 1802இல் சங்கிலி சென்ற வழியில் இருநூறாண்டுகள் கழித்துத் தூண்கள். திட்டமிட்டவர்கள் லாம்டனை நினைத்திருக்க மாட்டார்கள். சமதரை இருவருக்கும் ஒரே வழியைக் காட்டியிருக்கிறது.

சீனப் பேரரசர் வேண்டாத சங்கிலி

அந்தச் சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கண்ணிகள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கருவி வினைஞர் ராம்ஸ்டன் செய்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாக வழங்க மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு 1793இல் எடுத்துச் சென்ற அறிவியல் கருவிகளோடு போனது. பேரரசர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. குழுவோடு சென்ற டின்விடி என்னும் அறிவியலாளர் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்குச் சேர்ந்தது. பெய்ஜிங்கில் விலைபோகாத சரக்கு மேடவாக்கத்தில் வரலாறு படைத்தது.

லாம்டன் யார்க்சயரில் பிறந்தவர்; படைவீரர். நான்காம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் பங்குகொண்டவர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லஸ்லியின் கீழ்ப் பணியாற்றியவர். போர் முடிந்ததும், வென்ற நிலத்தையும் அதற்கப்பாலுள்ள தீபகற்பத்தையும் அறிவியல் முறைப்படி அளக்க வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். கும்பினியாருக்கு வரியும் படைவழியும் கண்முன் நின்றன. லாம்டனுக்கோ பூமியின் வடிவமே கேள்வி. துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் பூமி எவ்வளவு தட்டை? வெவ்வேறு அட்சங்களில் ஒரு பாகையின் நீளத்தை அளந்தால்தான் விடை கிடைக்கும். ஐரோப்பாவில் அளந்தாயிற்று. நிலநடுக்கோட்டுக்கு அருகே நம்பத்தக்க அளவு இன்னும் வேண்டியிருந்தது.

அளந்த மாதங்களைக் கவனியுங்கள்: சித்திரை, வைகாசி. சென்னையின் கத்திரி வெயில். ஏரிகளும் கழனிகளும் வற்றிக் கிடக்கும் பருவம் என்பதால் தேர்ந்தார்கள் போலும். ஆனால் வெயிலுக்கு இன்னொரு முகம் உண்டு. வெப்பத்தில் எஃகு நீளும். ஒரு பாகை ஃபாரன்ஹீட் கூடினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை நானூறு முறை நீட்ட வேண்டும். நானூறால் பெருக்கினால் ஒரு பாகைக்கு மூன்று அங்குலம். காலையும் நண்பகலும் இருபது பாகை வேறுபட்டால் அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடி! ஆகவே, முக்காலிகள்மீது தாங்கிய மரப்பெட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, நிழல் கொடுத்து, வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே நகர்ந்தார்கள். நூறடி அளப்பது, பெட்டிகளைத் தூக்கி முன்னால் வைப்பது, மட்டம் பார்ப்பது, மீண்டும் அளப்பது. நானூறு முறை.

அந்தப் பெட்டிகளைத் தூக்கியவர்களும் முக்காலிகளை ஊன்றியவர்களும் கொடி பிடித்து நின்றவர்களும் பெரும்பாலும் இம்மண்ணின் மக்களே. லாம்டன் பெயர் நிலைத்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற எவரெஸ்டின் பெயர் உலகின் உச்சியிலேயே ஏறி அமர்ந்தது. சித்திரை வெயிலில் சங்கிலி சுமந்தவர்களின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை.

திருநீர்மலையில் ஒரு முக்கோணம்

கழுகுக் கதை உண்மையிலேயே பலிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆசை எழுந்தது. பரங்கிமலை ஒரு முனை, பெரும்பாக்கம் மறுமுனை. மூன்றாவது புள்ளியாக எதைக் கொள்ளலாம்? தாம்பரத்துக்காரர்களுக்குச் சட்டென்று நினைவு வருவது திருநீர்மலைதான். அதையே கொண்டோம். இது நாங்களாகப் போட்டுக்கொண்ட முக்கோணம், லாம்டன் போட்டதன்று.

வலைவரைபடத்தில் கோணங்களை அளந்தோம். பரங்கிமலையில் நின்று பார்த்தால், தெற்கே செல்லும் அடிக்கோட்டுக்கும் திருநீர்மலைக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகை. பெரும்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 50 பாகை. எனவே திருநீர்மலையில் மீதி 70. சைன் அட்டவணையை எடுத்துப் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டோம். பரங்கிமலைக்கும் திருநீர்மலைக்கும் இடையே நேர்த்தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. பிறகுதான் வரைபட அளவுகோலை வைத்து நேரே அளந்தோம். ஏறத்தாழ அதே விடை! இரண்டு கழுகுகளும் சரியாக வந்து இறங்கிவிட்டன.

அவை எங்கே இறங்கின என்பதை அப்போதுதான் தமிழாசிரியர் சுட்டிக்காட்டினார். திருநீர்மலைத் தலத்தில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் காட்சி தருகிறார். நடந்த கோலம் யாருடையது? திரிவிக்கிரமனாக ஓங்கி உலகளந்த பெருமாளுடையது! மூவடியால் உலகை அளந்தவர் குடிகொண்ட குன்றை, அளவைக் கணக்கின் மூன்றாம் புள்ளியாக அறியாமலே தேர்ந்திருக்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர் வருவதையும் அவர் நினைவூட்டினார். அளப்பது நம்மவர்க்குப் புதிதன்று. கிரேக்கர் கழுகை அனுப்பினர். நம்மவர் திருவடியையே அனுப்பினர்.

இரண்டாம், மூன்றாம் புதிர்கள்

'காரங்கூலி'யை அவிழ்க்க அதிக நேரமாகவில்லை. பெயர் 'கூலி' என்று முடிவதால் முதலில் குழம்பினோம். ஆங்கிலேயரிடம் நம் ழகரம் என்ன பாடுபடும் என்பது தெரிந்ததுதானே! 'குழி' என்று திருத்தினால் 'கருங்குழி'. கர்நாடகப் போர்களில் அடிபட்ட கோட்டை இருந்த ஊர். தாம்பரத்திலிருந்து பெருஞ்சாலையில் தெற்கே சென்றால் செங்கல்பட்டைத் தாண்டி, மதுராந்தகத்துக்கு அருகே வருவது. வலைவரைபடத்தில் கருங்குழியின் அட்சத்தைப் பார்த்தோம்: ஏறத்தாழ 12 பாகை 32 கலை. லாம்டன் கட்டுரையின் தலைப்பிலேயே உள்ள எண்! பெயரும் எண்ணும் கைகுலுக்கிக்கொண்டன.

எஞ்சியது 'ட்ரிவாண்டிபோரம்'. நாங்கள் எல்லோரும் சறுக்கிய இடம். திருவனந்தபுரத்தின் அட்சம் எட்டரை பாகை. லாம்டன் தம் நிலையத்துக்குத் தரும் அட்சமோ 11 பாகை 44 கலைக்குச் சற்று மேல். ஒரு பாகைக்குச் சற்றேறக்குறைய 110 கிலோமீட்டர் என்று கொண்டால், எங்கள் விடை முந்நூற்றைம்பது கிலோமீட்டர் பிழை! தவிரவும், திருவனந்தபுரம் மேலைக்கடலோரம். கட்டுரையோ கீழைக்கடற்கரையைப் பற்றியது. கேட்டதும் சொல்லிவிடும் விடையின் ஆபத்து இதுதான். ஒலி ஒத்திருந்ததால் எண்ணைப் பார்க்கவே மறந்தோம்.

இம்முறை எண்ணிலிருந்து தொடங்கினோம். 11 பாகை 44 கலை அட்சத்தில் கடற்கரையை ஒட்டி வரைபடத்தில் விரலை நகர்த்தினால் கடலூர் வருகிறது. கடலூருக்குச் சற்று மேற்கே, கெடிலத்தின் கரையில், சிறு மலையோடு கூடிய ஊர் ஒன்று. பெயரைப் படித்ததும் மொட்டைமாடியே ஆரவாரித்தது: திருவந்திபுரம்! திருவஹீந்திரபுரம் என்று வைணவர் போற்றும் திவ்வியதேசம். மலைமேல் ஹயக்ரீவர் சன்னிதி. தேசிகர் வாழ்ந்த தலம். 'திருவந்திபுரம்' என்று உள்ளூர்க்காரர் சொன்னதை வெள்ளைக்காரர் தம் காதுக்கு எட்டியபடி எழுதியிருக்கிறார். அவர் பிழை செய்யவில்லை. நாங்கள்தான் பிழையாகப் படித்தோம்.

அத்திருவந்திபுரத்துக்கும் சென்னைக்கு வடக்கேயுள்ள ஒரு நிலையத்துக்கும் இடையே அட்ச வேறுபாடு ஒரு பாகை 35 கலைக்கு மிக அருகில். இரண்டு இடங்களிலும் விண்மீன்களின் உச்சத்தொலைவை அளந்து இதைக் கண்டார் லாம்டன். மண்ணில் அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை முக்கோணங்கள் சொல்லின: ஏறத்தாழ 175 கிலோமீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒரு பாகையின் நீளம் கிடைத்துவிடும். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தெனிஸ் எகிப்தில் நிழலை வைத்துச் செய்த அதே கணக்குதான். லாம்டனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 60,500 ஃபாதம். இக்கால அளவில் சொன்னால் 110.6 கிலோமீட்டர். செயற்கைக்கோள்களின் துணையோடு இன்று கணக்கிட்டாலும் அந்த அட்சத்துக்கு 110.6 கிலோமீட்டர்தான்.

மேடவாக்கத்து வெயிலில் நிழல் கட்டி நானூறு முறை சங்கிலி போட்டதன் பயனை இங்கே காணலாம்.

ஆன்டையஸின் பாதங்கள்

இனி இன்னொரு கிரேக்கக் கதை. ஆன்டையஸ் என்று ஒரு மல்லன். பூமித்தாய் கையாவின் மகன். அவனை யாராலும் வெல்ல முடியாது. கீழே தள்ளத் தள்ள, தாய்மண்ணைத் தொட்டவுடன் இழந்த வலிமை மீண்டும் ஊறிவிடும். பொன் ஆப்பிள்களைத் தேடிப் போன ஹெர்குலிஸ் வழியில் இவனோடு பொருதினான். இரகசியத்தை அறிந்து, அவனை மண்ணிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்தபடியே நெரித்தான். ஆன்டையஸின் கதை முடிந்தது.

அதே பயணத்தில்தான் ஹெர்குலிஸ் வானத்தைத் தாங்கி நின்ற அட்லஸைச் சந்தித்ததாகவும் கதை. நிலப்படத் தொகுப்புக்கு 'அட்லஸ்' என்று நாம் சொல்கிறோம். மெர்க்கேட்டர் தயாரித்து, அவர் மறைந்தபின் 1595இல் வெளிவந்த தொகுப்பு அப்பெயரைப் பரப்பியது. ஆனால் மெர்க்கேட்டர் மனத்தில் இருந்தவன் வானம் சுமந்த அந்த அட்லஸ் அல்லன்; மவுரித்தேனியாவை ஆண்ட அறிஞனான அரசன் ஒருவன். பெயர் ஒன்றாயிருந்தால் ஆளும் ஒன்றென்று நினைப்பது எங்கள் குழுவுக்கு மட்டும் உரிய குறையன்று போலும்!

ஆன்டையஸுக்குத் திரும்புவோம். முக்கோண அளவையும் அவனைப் போன்றதுதான். அந்தரத்தில் பார்வைகளால் அடுக்கிக்கொண்டே போகப் போக அதன் வலிமை குறையும். சிறு பிழைகள் சேரும். எனவே இடையிடையே மண்ணைத் தொட்டாக வேண்டும். அதாவது, தொலைவில் வேறொரு சமவெளியில் புதிதாக ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட வேண்டும். சென்னையிலிருந்து முக்கோணங்களாக மேற்கே சென்ற அளவையை 1804இல் பெங்களூர் அருகே அப்படிச் சோதித்தார்கள். ஏழு மைலுக்கு மேற்பட்ட அக்கோட்டில், கணக்குக்கும் சங்கிலிக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு!

அச்சோதனைக் கோட்டை அளந்த ஜான் வாரன் நமக்கு வேறு வகையிலும் வேண்டியவர். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்து 'காலசங்கலிதம்' என்னும் நூலை 1825இல் வெளியிட்டவர் அவரே. சோழிகளை வைத்து நினைவிலிருந்தே கிரகணம் கணித்த தமிழரின் முறையை உலகறியப் பதிவு செய்தவர்.

அளவை மேலைக்கடலை எட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சென்னை அட்சத்தில் தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை நிலப்படங்கள் காட்டிவந்தன. அளந்து பார்த்தால் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம், காகிதத்தில் மட்டுமே இருந்த நிலம், மறைந்துபோயிற்று.

1823இல் வார்தாவுக்கு அருகே இங்கண்காட்டில் பணியின் நடுவே லாம்டன் மறைந்தார். எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். இராதாநாத் சிக்தாரின் கணக்குகள் உலகின் உயரமான சிகரத்தை அடையாளம் காட்டின. அவ்வளவு பெரிய மாளிகைக்கு முதற்கல் நம் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே வைக்கப்பட்டது.

மண்ணைத் தொட்டபோது

புதிர்கள் அவிழ்ந்தன. மகிழ்ச்சியோடு எழுந்திருக்கலாம். ஆனால் தமிழாசிரியர் விடவில்லை. "நாமும் அந்தரத்தில் தொங்குகிற ஆன்டையஸ்தானே? திரையில் புள்ளி வைத்தோம், கோடு போட்டோம். கால் மண்ணில் படவில்லையே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டோம்.

பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. புனித தோமையாரை வணங்க வருவோர் அதைக் கடந்து செல்கின்றனர். நின்று பார்ப்பவர் குறைவு. மலையுச்சியிலிருந்து தெற்கு நோக்கினோம். கட்டடங்கள், கட்டடங்கள், அவற்றுக்கு அப்பால் புகைமூட்டம். பெரும்பாக்கக் குன்றை எங்கள் கண்களால் பிரித்தறிய முடியவில்லை. 1802இல் ஒரு கொடியை ஊன்றினால் தெரிந்த இடம், இன்று செயற்கைக்கோளின் கண்ணுக்கே தெரிகிறது.

கீழ்க்கட்டளை வழியாகப் பெரும்பாக்கம் சென்றோம். வழியெங்கும் 'பாக்கம்' என்று முடியும் ஊர்ப்பலகைகள். ஏரிகளும் சதுப்புமாக இருந்த நிலத்தை அப்பெயர்கள்தான் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. வெள்ளம் வரும் ஆண்டுகளில் நிலமும் அதை நினைவூட்டுகிறது. பெரும்பாக்கத்தில், நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசைவரிசையாக நிற்கின்றன. யாரோ எங்கோ வரைபடத்தில் போட்ட கோட்டால் இடம் மாறிய வாழ்க்கைகள். அளவை என்பது வெறும் அறிவியல் அன்று என்பதை நூலில் படிப்பதைவிட இங்கே நின்றால் நன்றாக உணரலாம்.

குன்றின் அருகே தேநீர்க்கடையில் விசாரித்தோம். "மலைமேல் ஏதாவது பழைய கல், குறி, வெள்ளைக்காரன் காலத்து அடையாளம் உண்டா ஐயா?" என்று கேட்டோம். கடைக்காரப் பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, "கல்லை வெட்டித்தானே எடுத்துக்கிட்டுப் போனாங்க, எந்தக் கல்லைக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் தேடிய இடங்களில் குறிக்கல் எதுவும் கண்ணில் படவில்லை. சங்கிலி சமதரையில்தான் சென்றது என்பதால், முனைப்புள்ளி குன்றின் உச்சியில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. யாருடைய வீட்டு வாசலிலோ, எந்தச் சாலைக்கு அடியிலோ அது இருக்கலாம்.

டெல்ஃபியில் கழுகுகள் சந்தித்த இடத்துக்குக் கல் இருக்கிறது. ஆனால் அது உலகின் நடுவன்று. இங்கே உலகை உண்மையாகவே அளக்கத் தொடங்கிய இடம் இருக்கிறது; ஆனால் கல் இல்லை.

திரும்பும் வழியில் ஒன்று உறைத்தது. அன்னியர் நாவில் நம் ஊர்ப்பெயர்கள் உருக்குலைந்தன. ஆனால் அதே அன்னியர் எழுதிவைத்த எண்கள் அப்பெயர்களை மீட்டுத் தந்தன. பெயரை மட்டும் நம்பியிருந்தால் திருவந்திபுரத்தைத் திருவனந்தபுரத்தில் தேடியிருப்போம். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் பெரும்பாக்கம் ஏன் 'பாக்' ஆயிற்று என்பது தெரிந்திருக்காது. இரண்டும் இருந்தும் மண்ணை மிதிக்காமல் இருந்திருந்தால், அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி எங்கள் காதில் விழுந்தே இராது.

தென்சென்னைப் புறநகரில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வலைவரைபடத்தில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது உங்கள் தெருவுக்கு அருகே சென்றால், ஒரு காலைப் பொழுதில் அங்கே போய் நில்லுங்கள். சித்திரை மாதமாயிருந்தால் இன்னும் நல்லது. வெயில் சுடும்போது, நூறடிக்கு நூறடி பெட்டி சுமந்து அவ்வழியே நடந்த பெயரறியாத மனிதர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கேனும் பழைய குறிக்கல் ஒன்று கண்ணில் பட்டால் எங்களுக்கும் சொல்லுங்கள்; தாம்பரத்திலிருந்து அடுத்த பேருந்திலேயே வந்துவிடுவோம்.